இந்த ஓட்டு யார் கொடுத்தது?

நீங்கள் கேட்டது இது: "பிரிட்டிஷ்காரன் நாடாளுமன்றம், கோர்ட்டு, தேர்தல் எல்லாம் வைத்துவிட்டுப் போனதால்தானே இந்தியாவில் ஜனநாயகம் நிலைத்தது? அப்படியென்றால் அவனே ஆண்ட பாகிஸ்தானிலும் பர்மாவிலும் ஏன் ராணுவம் வந்தது?" இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஓட்டுரிமை நமக்கு எங்கிருந்து வந்தது என்பது ஒன்று. வந்தது ஏன் போகாமல் இருந்தது என்பது இன்னொன்று. முதலாவதற்கு ஆவணத்தை வைத்தே பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதில் நிச்சயமாகச் சொல்லக்கூடியது கொஞ்சம், ஊகம் நிறைய.

நான் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். 1989-இல் ஓட்டுப் போட வந்தவர்களின் விரலில் மை வைக்கும் அலுவலராக உட்கார்ந்ததில் தொடங்கி, பிறகு வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் பல தேர்தல்கள் பார்த்திருக்கிறேன். புத்தகத்தில் படித்ததோடு பூத்தில் பார்த்ததும் சேர்ந்துதான் இந்தப் பதில்.

முதல் கேள்வி. பிரிட்டிஷ் ஆட்சி இங்கே தேர்தல் நடத்தியது உண்மைதான். ஆனால் யாருக்கு? 1919 சட்டத்திலும் 1935 சட்டத்திலும் ஓட்டு என்பது சொத்து, வரி, படிப்பு இருந்தவர்களுக்கு. 1937 மாகாணத் தேர்தலில் ஓட்டுரிமை பெற்றவர்கள் சுமார் 3 கோடி பேர், அதாவது மக்கள்தொகையில் ஏறக்குறைய பத்தில் ஒருவர். சமஸ்தானங்களில் இருந்தவர்கள் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. 1909 முதல் மதவாரித் தனித்தொகுதிகள் வேறு. கூலிக்குப் போகிறவரும் நிலமில்லாதவரும் பெரும்பாலான பெண்களும் வெளியே நின்றார்கள். வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்பதை 1928-இல் மோதிலால் நேரு குழு தந்த அறிக்கையும் 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானமும் கேட்டன. ஆட்சி அதைக் கடைசி வரை தரவில்லை. 1946-இல், நம் அரசியலமைப்புச் சட்டத்தை எழுதிய அரசியல் நிர்ணய சபைக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த மாகாண சட்டசபைகள்கூட அந்தக் குறுகிய ஓட்டில் வந்தவைதான். அந்த ஓட்டில் வந்தவர்கள் உட்கார்ந்துதான் ஓட்டை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். நம் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் 1949 நவம்பரில் அந்தச் சபையில் பேசும்போது, இத்தனை அறியாமையும் எழுத்தறிவின்மையும் இருந்தும் சாமானிய மனிதன் மேல் நிறைந்த நம்பிக்கை வைத்து இதை ஏற்றிருக்கிறோம் என்ற பொருளில் சொன்னார். 1951 கணக்கெடுப்பில் எழுத்தறிவு நூற்றுக்குச் சுமார் 18. அந்த நிலையில் அப்படிச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும்.

அதற்காக வெள்ளைக்காரர் விட்டுப்போனது ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மாவட்ட ஆட்சியரிலிருந்து கிராமம் வரை இறங்கும் நிர்வாகம் இருந்தது. 1937 முதல் சில ஆண்டுகள் மாகாணங்களை ஆண்டு பழகிய அமைச்சர்கள் இருந்தார்கள். மனு வாங்கிக் கோப்பில் போடத் தெரிந்த எழுத்தர்கள் இருந்தார்கள். இதெல்லாம் உதவியது. ஆனால் இதே நிர்வாகம் கராச்சியிலும் டாக்காவிலும் ரங்கூனிலும் இருந்ததே. எனவே அதை மட்டும் காரணமாகச் சொன்னால் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைக்காது.

எனக்கு இந்தக் கதையில் முக்கியமானது வாக்காளர் பட்டியல். பாடப்புத்தகத்தில் அரசியலமைப்புச் சட்டத்துக்குப் பல பக்கம் இருக்கும், பட்டியலுக்கு ஒரு வரிகூட இருக்காது. ஆனால் சட்டம் முடியும் வரை பட்டியல் காத்திருக்கவில்லை. 1947 கடைசியிலேயே அரசியலமைப்பு ஆலோசகர் பி.என். ராவ் தலைமையில் இருந்த அரசியல் நிர்ணய சபைச் செயலகம் இந்த வேலையை ஆரம்பித்துவிட்டது. 1948 மார்ச்சில் மாகாணங்களுக்கும் சமஸ்தானங்களுக்கும் உத்தரவு போயிற்று: 21 வயது நிரம்பிய ஒவ்வொருவர் பெயரையும் வீடு வீடாகப் போய் எழுதுங்கள். தேர்தல் ஆணையம் அப்போது பிறக்கவே இல்லை. பிரிவினை ரத்தம் காயாத நேரம். ஒரே இடத்தில் 180 நாள் வசித்திருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். அப்புறம் எல்லை தாண்டி வந்த அகதிகளின் நிலைமை என்ன என்ற கேள்வி வந்தது. நான் இங்கேதான் நிரந்தரமாக வாழப்போகிறேன் என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் போதும், பெயரைச் சேருங்கள் என்று விதியைத் தளர்த்தினார்கள். முகாமில் கூரைகூட இல்லாமல் கிடந்தவருக்குப் பட்டியலில் இடம் கிடைத்தது. குடியரசு என்ற பெயர் வருவதற்கு முன்னாலேயே கோடிக்கணக்கான பேர் எழுத்தில் வாக்காளர் ஆகிவிட்டார்கள்.

1950 மார்ச்சில் முதல் தலைமைத் தேர்தல் ஆணையராக சுகுமார் சென் வந்தார். கணிதம் படித்தவர், பிரிட்டிஷ் காலத்து ஐ.சி.எஸ். ஆட்சிப் பணி அதிகாரி. அவர் கைக்கு வந்த பட்டியலில் ஒரு சிக்கல். வட இந்தியாவில், முக்கியமாக பீகார், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் பக்கம், லட்சக்கணக்கான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவே இல்லை. இன்னார் மனைவி, இன்னார் தாய் என்றுதான் எழுதப்பட்டிருந்தது. சென் அதை ஏற்கவில்லை. திருத்த அவகாசம் கொடுத்தும் பெயர் வராமல் போன சுமார் 28 லட்சம் பெண்களைப் பட்டியலிலிருந்து நீக்கினார். அந்தக் கசப்பே அடுத்த முறை பெயரைச் சொல்ல வைக்கும் என்பது அவர் கணக்கு. இது சரியா தப்பா என்று இன்றும் என்னால் தீர்த்துச் சொல்ல முடியவில்லை. 28 லட்சம் பேர் முதல் தேர்தலில் ஓட்டுப் போட முடியாமல் போனது அநியாயம். ஆனால் ஒரு பெண்ணை அவள் பெயரால்தான் அரசாங்கம் அறிய வேண்டும் என்று ஓர் அதிகாரி அடம் பிடித்ததை நினைத்தால் மரியாதை வருகிறது.

1996 தேர்தலில் திண்டுக்கல் பக்கம் ஒரு மலையடிக் கிராமத்தில் எனக்குப் பணி. மதியம் பன்னிரண்டு மணி வெயிலில் ஒரு பாட்டி வந்தார். முதல் அலுவலர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "கருப்பாயி ரெண்டு பேர் இருக்காங்க. உங்க வீட்டுக்காரர் பேரு என்ன பாட்டி?" என்றார். பாட்டி பேசவில்லை. மறுபடி கேட்டார். "அந்தப் பேர நான் எப்படிச் சாமி சொல்லுவேன்? பழனி மலையில நிக்கிறாரே, அவரு பேரு" என்றார். எதிரெதிர்க் கட்சி முகவர்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில், "பழனிச்சாமி சம்சாரம் சார், நமக்குத் தெரியும்" என்றார்கள். பட்டியலில் கோடு போட்டோம், மை வைத்தோம், சீட்டை வாங்கிக்கொண்டு மறைவுக்குள் போனார். வெளியே வந்து மடித்த சீட்டைப் பெட்டியில் போட்டபோது, அது உள்ளே விழுந்ததா என்று குனிந்து ஒரு தடவை பார்த்தார். கணவர் பெயரை வாயால் சொல்லாத அந்தத் தலைமுறைப் பெண், கருப்பாயி என்ற தன் சொந்தப் பெயரில், தன் கையால் ஓட்டுப் போட்டுவிட்டுப் போனார். 1951-இல் எழுதப்படாமல் போன அந்த 28 லட்சம் பெயர்களை நான் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

முதல் பொதுத்தேர்தல் 1951 அக்டோபர் 25-இல் தொடங்கி 1952 பிப்ரவரி வரை நடந்தது. பனி விழுந்து பாதை அடைபடும் முன்பே இமாச்சல மலைக் கிராமங்களில் முதல் ஓட்டு விழுந்தது. வாக்காளர்கள் 17 கோடிக்கும் மேல். படிக்கத் தெரியாதவர்களுக்காகச் சின்னம் வந்தது. அப்போது இன்றைக்குப் போல ஒரே சீட்டில் எல்லாப் பெயரும் கிடையாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி, பெட்டி மேல் சின்னம். பிடித்த பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். 20 லட்சத்துக்கும் அதிகமான இரும்புப் பெட்டிகள் செய்தார்கள். சீட்டில் முத்திரை குத்தும் முறை 1962 பொதுத்தேர்தலில்தான் பரவலானது. ஓட்டுப் போட்டவர்கள் நூற்றுக்குச் சுமார் 45 பேர். குறைவுதான். ஆனால் அந்த 45-இல் பெரும்பாலோர் வாழ்க்கையில் அதற்குமுன் ஓட்டையே பார்த்திராதவர்கள்.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பாகிஸ்தானில் நடந்ததை வரிசையாகப் பாருங்கள். 1954-இல் கவர்னர் ஜெனரல் குலாம் முகம்மது அரசியல் நிர்ணய சபையையே கலைத்தார். அதே ஆண்டு, ராணுவத் தளபதி அயூப் கான் பதவியில் இருந்துகொண்டே பாதுகாப்பு அமைச்சரும் ஆனார். 1958-இல் ராணுவ ஆட்சி. வயது வந்த எல்லோரும் நேரடியாக ஓட்டுப் போட்ட முதல் தேசியத் தேர்தல் 1970 டிசம்பரில், விடுதலைக்கு 23 ஆண்டுகள் கழித்து நடந்தது. அதில் ஜெயித்த, கிழக்குப் பாகிஸ்தானின் அவாமி லீக் கட்சியை ஆளவிடவில்லை, நாடு இரண்டானது. பர்மாவில் தேர்தல்கள் நடந்தன, பிரதமராக ஊ நூ ஆண்டார். ஆனால் விடுதலையோடே உள்நாட்டுப் போரும் வந்தது, 1962-இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். பிரிட்டிஷ்காரர் ஆண்ட இன்னொரு நாடான ஆப்பிரிக்கக் கானாவில் ராணுவத்துக்கு முன்னால் ஆளும் கட்சியே வாசலை மூடியது: 1957-இல் விடுதலை, 1964-இல் ஒரே கட்சி ஆட்சி, 1966-இல் ராணுவப் புரட்சி.

இந்தியாவில் ராணுவம் ஏன் ஒதுங்கி நின்றது? இங்கேதான் நிச்சயமும் சந்தேகமும் கலக்கின்றன. முப்படைகளுக்கும் மேலாக இருந்த தலைமைத் தளபதியின் டெல்லி மாளிகை பிரதமர் நேருவின் வீடானது. 1955-இல் தலைமைத் தளபதி என்ற பதவிப்பெயரே ஒழிந்து, முப்படைகளின் தலைமையில் இருந்தவர்கள் வெறும் படைத்தலைவர்கள் ஆனார்கள். இவை நடந்தவை. காங்கிரஸுக்கு மாவட்டம் வரை கிளை இருந்தது. முஸ்லிம் லீகின் பலம் பெரும்பாலும் பிரிவினைக்குப் பின் இந்தியாவிலேயே தங்கிவிட்ட பகுதிகளில் இருந்தது. இதுவும் உறுதி. ஆனால் இவற்றில் எது எவ்வளவு கனம் என்பதில் அறிஞர்களே ஒத்துப்போவதில்லை. நேரு 1964 வரை உயிரோடு இருந்ததும், ஜின்னா 1948-இலேயே இறந்ததும் தற்செயல்தான். அந்தத் தற்செயலுக்கு எவ்வளவு மதிப்பெண் போடுவது? இந்துப் பண்பாடு, பழைய கிராம சபை மரபு, குடவோலை முறை என்று காரணம் சொல்கிறவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. உத்தரமேரூர்க் கல்வெட்டு பெருமைக்குரியது. ஆனால் ஓலையில் பெயர் எழுதப்பட நிலமும் வீடும் படிப்பும் வேண்டும் என்கிறது அந்தக் கல்வெட்டு. 1950-இல் நடந்தது அதற்கு நேர் எதிரானது. இந்திய மண்ணுக்கு ஜனநாயகம் மேலே தூவிய உரம் மாதிரிதான், மண் அடிப்படையில் ஜனநாயகமற்றது என்று அம்பேத்கர் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையிலேயே சொன்னார். நான் அவர் பக்கம்.

பட்டியல் விஷயத்தில் எனக்கு வலிக்கும் ஓர் ஒப்பீடு இலங்கை. அங்கே ஆண் பெண் எல்லோருக்குமான ஓட்டுரிமை 1931-இலேயே, நமக்கு இருபது ஆண்டுகள் முன்பே வந்துவிட்டது. 1947 தேர்தலில் மலையகத் தோட்டத் தமிழர்கள் ஓட்டுப் போட்டு நாடாளுமன்றத்துக்கு உறுப்பினர்களை அனுப்பினார்கள். விடுதலை கிடைத்த அதே 1948-இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து ஓட்டுரிமையும் போனது. ஏழு லட்சத்துக்கும் அதிகமான பேர் நாடற்றவர் ஆனார்கள். அந்தக் காயத்தைச் சட்டத்தில் முழுதாகச் சரிசெய்ய 2003 வரை ஆயிற்று. அங்கே தேர்தல் முறை கைவிடப்பட்டதே இல்லை, ஆட்சி மாறிக்கொண்டுதான் இருந்தது. பட்டியலிலிருந்து ஒரு சமூகத்தை எடுத்துவிட்டே தேர்தல் நடத்தலாம் என்பதை அது காட்டியது. அகதியைச் சேர்க்க விதியைத் தளர்த்திய அதே 1948-ஐ இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இந்தியாவில் ஓட்டு நிலைத்ததற்கு இன்னொரு காரணமாக நான் கருதுவது, கோபத்துக்கு அது வழி விட்டது. தெலுங்கு பேசுவோருக்குத் தனி மாநிலம் கேட்டு பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பரில் சென்னையில் உண்ணாவிரதம் இருந்து இறந்தார். 1953 அக்டோபரில் ஆந்திரா தனி மாநிலம் ஆனது. 1956-இல் மொழிவாரி மாநிலங்கள் வந்தன. திராவிட நாடு கேட்ட தி.மு.க., பிரிவினைத் தடைச் சட்டத் திருத்தம் வந்த 1963-இல் அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது. 1965-இல் இந்தி எதிர்ப்பில் தெருவில் இறங்கியவர்கள் 1967-இல் ஓட்டுப் பெட்டிக்குப் போனார்கள், அண்ணா முதலமைச்சர் ஆனார். தோற்ற காங்கிரஸ் முதலமைச்சர் பக்தவத்சலம் பதவியைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. தனி நாடு கேட்ட ஒரு கட்சி நான்கே ஆண்டில் அதே அரசியலமைப்பின் பேரில் உறுதிமொழி எடுத்து ஆட்சிக்கு வந்தது விடுதலை பெற்ற பல நாடுகளில் நடக்காத விஷயம்.

நிலைத்தது என்று சொல்கிறோமே, உண்மையில் ஒரு தடவை போய்விட்டுத்தான் வந்தது. 1975 ஜூன் 25 இரவிலிருந்து 21 மாதம் நெருக்கடி நிலை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விசாரணை இல்லாமல் அடைக்கப்பட்டார்கள். நாடாளுமன்றத்தின் ஆயுள் நீட்டப்பட்டது. 1976 ஜனவரி 31-இல் இங்கே கலைஞரின் ஆட்சி கலைக்கப்பட்டது. ஆள் கடத்தப்பட்டது போல அடைக்கப்பட்டாலும் கோர்ட்டுக்குப் போக உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றமே 1976-இல் தீர்ப்புச் சொன்னது. நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்டார். பிரிட்டிஷ் காலத்து நிறுவனங்கள் காப்பாற்றும் என்று நம்புகிறவர்கள் இந்த இடத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். 1977-இல் இந்திரா காந்தி ஏன் தேர்தல் அறிவித்தார் என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு, எதையும் நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். முடிவு மட்டும் உறுதி: உத்தரப் பிரதேசத்தின் 85 தொகுதிகளிலும் பீகாரின் 54 தொகுதிகளிலும் காங்கிரஸுக்கு ஓர் இடம்கூட இல்லை. நெருக்கடி நிலையில் நடந்த கட்டாயக் கருத்தடையின் கொடுமை அதிகம் விழுந்த பகுதி அது. அதே தேர்தலில் தமிழ்நாட்டில் காங்கிரஸ், அ.தி.மு.க. அணி பெருவாரியாக வென்றது என்பதையும் சொல்லாமல் விடக் கூடாது. நாடே ஒரே குரலில் எழுந்தது என்று எழுதுவது நன்றாக இருக்கும், ஆனால் அப்படி நடக்கவில்லை.

என் அனுபவத்தின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். நான் பார்த்த பூத்துகள் எல்லாம் தமிழ்நாட்டில். முறைகேட்டுப் புகாரில் மூழ்கிய 1987 காஷ்மீர்த் தேர்தலைப் பார்த்தவரோ, ஆயுதப்படைச் சிறப்பதிகாரச் சட்டத்தின் கீழ் மணிப்பூரில் வளர்ந்தவரோ இந்தக் கேள்விக்கு வேறு பதில் எழுதுவார். அந்தப் பதிலும் சரியாகத்தான் இருக்கும். தேர்ந்தெடுக்கப்பட்ட மாநில ஆட்சிகளை 356-ஆம் பிரிவைக் கொண்டு டெல்லி இஷ்டத்துக்குக் கலைப்பது 1994-இல் எஸ்.ஆர். பொம்மை என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புக்குப் பிறகுதான் குறைந்தது.

வெகுதூரம் போக வேண்டியதில்லை. எங்கள் மதுரை மாவட்டத்திலேயே பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகள் 1996-இல் தலித் மக்களுக்கு ஒதுக்கப்பட்டன. பத்து ஆண்டுகள் அங்கே தலைவர் நிலைக்கவில்லை. மனுவே விழாது, விழுந்து ஜெயித்தாலும் உடனே ராஜினாமா. 2006 அக்டோபரில்தான் ஜெயித்தவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். மேலூர் பக்கம் மேலவளவில் ஜெயித்து உட்கார்ந்த தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30-இல் வெட்டிக் கொல்லப்பட்டார், அவருடன் மேலும் ஐந்து பேர். பட்டியலில் பெயர் இருந்தது, ஓட்டு இருந்தது, சட்டம் இருந்தது. நாற்காலியில் உட்கார உயிரைக் கொடுக்க வேண்டியிருந்தது. அம்பேத்கர் சொன்ன மேல் உரம் இதுதான்.

இது நீடிக்குமா என்று கடைசியாக ஒரு வரி கேட்டிருந்தீர்கள். ஜோசியம் எனக்குத் தெரியாது. என் கடைசித் தேர்தல் பணியில் காலை ஏழரைக்கு ஒருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும், கட்டட வேலை செய்பவர், வேலைக்குப் போகும் உடுப்பிலேயே வந்திருந்தார். அடையாள அட்டை கையில் இருக்கிறது, பட்டியலில் பெயர் இல்லை. இரண்டு தடவை முழுப் பட்டியலையும் பார்த்தோம். முகவர்களும் தங்கள் பிரதியில் தேடினார்கள். வேறொருவர் அவர் பெயரில் போட்டிருந்தால்கூட ஆய்வுக்குரிய வாக்கு என்று தனிச் சீட்டுக் கொடுக்க விதி இருக்கிறது. பெயரே இல்லாதவருக்கு என்னால் எதுவும் கொடுக்க முடியாது. "போன தடவை இதே பள்ளிக்கூடத்துலதான் சார் போட்டேன்" என்றார். சண்டை போடவில்லை. மதியம் திரும்பவும் வந்து, ஒருவேளை துணைப்பட்டியல் ஏதாவது வந்ததா என்று கேட்டார். மாலை ஆறு மணிக்குக் கதவைச் சாத்தும்போது மூன்றாவது தடவையாகவும் வாசலில் நின்றிருந்தார்.